மாநில அரசியலும் ஊர் வானொலியும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் வெர்மாண்ட் மாநிலத்தில், ஜனவரி மாதம் சட்டசபை கூடிய நாள் முதல் கோடைக்கு முன் அது கலையும் நாள் வரை, காலை வேளையில் உள்ளூர் வானொலியைத் திருப்புகிறவர் காதில் விழுவது பெரும்பாலும் சங்கீதமல்ல, பேச்சு. பால்பண்ணைக்காரர் ஒருவர் தொலைபேசியில் தம் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வரி இப்படி ஏறிக்கொண்டே போனால் நிலத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்பார். ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் சட்டசபை அங்கத்தினர் அதற்கு அப்பொழுதே, அந்த இடத்திலேயே, மாநிலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கப் பதில் சொல்லியாக வேண்டும். தேசத் தலைநகரில் நடப்பதை முழங்குவதற்கு ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம், பாலம், பனி வாரும் வண்டி, கிராமத்து ஆஸ்பத்திரி என்று ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை நேராகத் தொடும் விஷயங்களை முடிவு செய்கிற மாநில அரசியலை, அந்த முடிவினால் பாதிக்கப்படுகிறவர்களின் பாஷையிலேயே பேசுவதற்கு உள்ளூர்ப் பேச்சு வானொலியை விட்டால் வேறு நாதி இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

வெர்மாண்டின் ஜனத்தொகை ஏறத்தாழ ஆறரை லட்சம்; அதற்குக் கீழ்ச்சபையில் 150 பேரும் மேல்சபையில் 30 பேரும் பிரதிநிதிகள். கீழ்ச்சபையில் சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி என்னும் இந்தக் கணக்கே தாராளமாகத் தோன்றுகிறது. 1965 வரையிலோ, ஊர் பெரிதாயினும் சிறிதாயினும் ஊருக்கு ஒருவர் என்று 246 பேர் அங்கே கூடினார்கள். ஆளுநரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாக்காளர் முன் வந்து நின்றாக வேண்டும். சட்டசபை ஆண்டு முழுவதும் நடப்பதில்லையாதலால், அங்கத்தினர்களில் பலர் விவசாயிகளாகவும், ஆசிரியர்களாகவும், கடைக்காரர்களாகவும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ராஜ்ய காரியங்களையும் பார்க்கிறார்கள். இப்படிப்பட்டவர் வானொலியில் பேசும்போது, அவர் சொல்வதை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் கேட்பவருக்குப் பத்திரிகை விமரிசனம் எதுவும் தேவைப்படுவதில்லை. சென்ற வாரம் அவர் கடையில் சாமான் வாங்கிய அனுபவம் போதும்.

பள்ளிக்கூட வரி என்றேனே, அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வானொலியின் அவசியத்தை அதைப் போல் விளக்கும் உதாரணம் வேறில்லை. பணக்கார ஊர்ப் பிள்ளைக்கு ஒரு விதமான படிப்பும் ஏழை ஊர்ப் பிள்ளைக்கு வேறு விதமான படிப்பும் கிடைப்பது மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1997-ல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பள்ளிச் செலவை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கி ஒரு சட்டம் வந்தது. அது முதல் ஊரார் எல்லாரும் ஒரே பானையில் பொங்கல் வைப்பதுபோல ஆயிற்று. தன் பள்ளிக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை ஒவ்வோர் ஊரும் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையையொட்டி வாக்களித்து முடிவு செய்கிறது. ஆனால் அதற்கான பணம் பொதுநிதியிலிருந்து வருவதால், பக்கத்து ஊர்க்காரர் கைதூக்கினால் இந்த ஊர்க்காரரின் வீட்டு வரியும் அசைகிறது. அந்தக் கணக்கில் வரும் விகிதங்களையும், மாணவர்களைத் தேவைக்கேற்ப நிறுத்துப் பார்க்கும் முறையையும், சந்தை மதிப்பைச் சரிசெய்யும் சூத்திரத்தையும் சட்டம் எழுதியவர்களே தடுமாறாமல் விளக்குவது அரிது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பள்ளிக்கூடச் செலவுத் திட்டங்களை வாக்காளர் நிராகரித்தார்கள் என்றால், அந்தக் கோபம் வெறும் கஞ்சத்தனத்தால் வந்ததன்று. தாம் கொடுக்கும் பணம் எந்த வழியாக எங்கே போகிறது என்பது புரியாத மனிதரின் கோபம் அது. அச்சடித்த அட்டவணையைப் பார்த்துப் புரியாத ஒன்று, கேட்டதையே மூன்று முறை மாற்றிக் கேட்கும் ஒரு முதியவருக்கும் பொறுமையோடு மூன்று முறையும் பதில் சொல்லும் ஓர் அங்கத்தினருக்கும் இடையே நடக்கும் சம்பாஷணையால், கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் புரிந்துவிடுகிறது.

இங்கே பேச்சு வானொலி நிலைத்திருப்பதற்கு மலைகளும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. பண்பலை ஒலிபரப்பு நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் நிசப்தம். பழைய மத்திய அலையோ தரையைத் தழுவிக்கொண்டு குன்றுகளைச் சுற்றிச் செல்லும் இயல்புடையது. ஆகவே, கரகரப்பு உண்டு, சங்கீதத்துக்கு உதவாது என்று மற்றவர்கள் கைவிட்ட அந்த மத்திய அலையில்தான் மனிதக் குரல் தங்கிப்போயிற்று.

அரசியல் பேச்சு முடிந்ததும் வருகிற நிகழ்ச்சி இன்னும் விசேஷமானது. வைக்கோல் கட்டுகள் விற்பனைக்கு, பழைய டிராக்டர், எஞ்சின் நன்றாக ஓடும், காணாமற்போன பழுப்பு நிற நாய், சனிக்கிழமை தேவாலயத்தில் விருந்து, பனிப்பொழிவினால் மூடப்பட்ட பள்ளிகளின் பட்டியல், காலமானவர்களின் பெயர்கள். அமெரிக்கக் கிராமப்புற வானொலிகள் பலவற்றில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நேரம் வெகு காலமாக நடந்து வருகிறது. இதை அற்ப விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் ஊரை அறியாதவர்கள். வரியைப் பற்றிக் காலையில் சட்டசபை அங்கத்தினரோடு வாதாடிய மனிதரே மத்தியானம் வைக்கோல் விற்க அழைக்கிறார். அவர் கட்சி எதுவாயினும் அவரிடம் வைக்கோல் வாங்குகிறார்கள். எதிர்க்கட்சிக்காரனும் அயலான்தான் என்ற நினைவு நீங்காமல் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயத்தை எந்த அரசியல் சாஸ்திரமும் வகுத்ததில்லை.

ஆனால் பல ஊர்களில் இந்த ஏற்பாடு சிதைந்துவிட்டது; அது தானாகச் சிதையவில்லை. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களை ஒலிபரப்ப வேண்டும், அவற்றில் மாறுபட்ட தரப்புகளுக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்த விதி 1987-ல் கைவிடப்பட்டது. ஒருவர் நாடு முழுவதிலும் இத்தனை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1996-ம் ஆண்டுச் சட்டம் அடியோடு நீக்கியது. அதுவரை அதிகபட்சம் 40 நிலையங்கள் வைத்திருக்கக்கூடிய தேசத்தில், சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒரே கைக்குள் சென்றன. உரிமம் பெற்ற ஊரின் அருகில் ஒலிபரப்பு அறை இருக்க வேண்டும் என்று பல்லாண்டுகளாக இருந்த நிபந்தனையும் 2017-ல் ரத்தாயிற்று. தொலைதூர நகரத்திலிருந்து ஒருவர் தேசிய அரசியலைப் பற்றி மூன்று மணி நேரம் ஆவேசமாகப் பேசுவதைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற்றுக்கொண்டால், நிலையத்தின் சொந்தக்காரர் பல சமயம் பணமே கொடுக்க வேண்டியதில்லை. விளம்பர நிமிஷங்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் போதும். உள்ளூர் மனிதருக்குச் சம்பளம் கொடுப்பானேன்? மத்திய அலையை அழிவிலிருந்து காத்தவையே இந்தத் தேசிய நிகழ்ச்சிகள்தாம் என்று சொல்லுவாரும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அலை பிழைத்தது, ஊர் பேசுவது நின்றது.

வெறுமையான ஒலிபரப்பு அறை என்பதே என் மனத்தை ஓயாமல் அரிக்கும் கவலை. 2002-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி நள்ளிரவு கடந்து, வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகருக்கு அருகில் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு, நீரற்ற அம்மோனியா வாயு பனிக்குளிரில் தரையோடு தரையாக மேகம்போலப் பரவிற்று. வெளியே வராதீர்கள், கதவுகளை மூடுங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடி மூச்சுவிடுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டிய வேளை அது. அந்நகரின் வணிக வானொலி நிலையங்களில் ஆறு ஒரே நிறுவனத்திடம் இருந்தன. போலீஸார் தொலைபேசியில் அழைத்தபோது பதில் கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கருவியே சரிவர இயக்கப்படவில்லை, அறையில் ஆள் இருந்தார் என்று அந்நிறுவனத்தார் பின்னர் வாதித்தனர். அவர்கள் சொல்வதையே ஏற்றுக்கொண்டாலும், நகரத்து மக்கள் இருளில் திருப்பிய பெட்டியில் தங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வாக்கியம் உரிய வேளையில் வரவில்லை என்பது மாறாது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் அவதியுற்றனர்.

இதன் பக்கத்தில் 2011-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதியை வைத்துப் பாருங்கள். ஐரீன் என்ற புயல் வெர்மாண்டின் மேல் கொட்டிய மழையால் ஆறுகள் பெருகி, பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டு, பதின்மூன்று ஊர்கள் வெளியுலகத் தொடர்பற்றுப்போயின. வாட்டர்பரியில் இருந்த மாநில அரசு அலுவலகங்களிலும் மனநோய் ஆஸ்பத்திரியிலும் வெள்ளம் புகுந்தது. அன்றிரவு அதே வாட்டர்பரியின் உள்ளூர் வானொலியில் ஆள் இருந்தார்கள். எந்தப் பாலம் போயிற்று, எந்தச் சாலை இன்னும் நிற்கிறது, எங்கே அடைக்கலம் கிடைக்கும் என்று ஜனங்களே அழைத்துச் சொல்ல, ஜனங்களே கேட்டுக்கொண்டார்கள். நாடோறும் வரியைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசிப் பழகிய குரல்களாதலால் அந்த இருளிலும் அவற்றை நம்பினார்கள். நம்பிக்கையை வெள்ளம் வந்த பிறகு அவசரமாக உண்டாக்க முடியாது.

மாநிலத் தலைநகரங்களில் முழுநேரமாகச் செய்தி திரட்டிய பத்திரிகை நிருபர்களின் தொகை 2003-க்கும் 2014-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. பத்திரிகை விலகிய இடத்தில் வானொலியும் விலகினால், வெர்மாண்டின் மாண்ட்பீலியர் போன்ற சின்னஞ்சிறு தலைநகரில் நடப்பதை அங்கே தரகு செய்பவர்கள் மட்டுமே அறிவார்கள். புதிய மின்சாரக் கார்கள் சிலவற்றில் மத்திய அலை வாங்கியையே வைப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்ததை எதிர்த்து அந்நாட்டுக் காங்கிரஸில் மசோதா வந்திருக்கிறது. இரு கட்சியினரும் அதை ஆதரிக்கிறார்கள். நல்லதுதான். ஆயினும் காரில் பெட்டி இருந்து என்ன பயன், அதற்குள் பேசுவதற்கு உள்ளூரில் ஒருவர் இல்லாவிட்டால்? அலைவரிசை பொதுச் சொத்து. பொதுநலத்துக்காகவே அது உரிமமாக வழங்கப்படுகிறது என்று 1934-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த உரிமம் புதுப்பிக்கப்படும்போது ஒரே ஒரு கேள்வியாவது கட்டாயமாக்கப்பட வேண்டும்: இந்த ஊரில், நள்ளிரவில், உங்கள் நிலையத்துக்கு யாரேனும் தொலைபேசியில் அழைத்தால் அதை எடுப்பதற்கு ஆள் உண்டா?