மதிப்பெண் இருக்கிறது, இடம் கிடைக்குமா?



ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. போடிநாயக்கனூரிலும் அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவு ஊர்களிலும் அன்று சில வீடுகளில் இனிப்பு வழங்கப்படுகிறது. 600க்கு 570, 580 என்று பிள்ளை மதிப்பெண் வாங்கியிருக்கும். தந்தை விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். தாய் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவராக இருக்கலாம். அவர்கள் மகிழ்வது நியாயமே. ஆனால் அடுத்த வாரமே ஒரு கேள்வி எழுகிறது: "இந்த மதிப்பெண்ணுக்கு ஐ.ஐ.டி. கிடைக்குமா? அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லுகிறவர்கள் குறைவு. "உன் மகளுக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்?" என்று உறவினர் சொல்வார்கள். "ஓர் ஆண்டு பணம் கட்டுங்கள், உறுதியாகக் கிடைக்கும்" என்று விளம்பரங்கள் சொல்லும். இரண்டையும் நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. இடம் கிடைக்காதபோது, தான் எதற்கும் உதவாதவள் என்று நினைத்து முடங்கிப்போன பிள்ளைகளும் உண்டு. எனவே இந்த வாய்ப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நாம் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது.

மதிப்பெண் வேறு, தரவரிசை வேறு

போடியில் ஏலக்காய் ஏலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அன்றைக்கு எவ்வளவு சரக்கு வந்திருக்கிறது, எத்தனை பேர் வாங்க வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விலை அமைகிறது. நுழைவுத் தேர்வும் அப்படித்தான். நம் பிள்ளை எவ்வளவு வாங்கினாள் என்பது பாதிக் கணக்கு. மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள், மொத்தம் எத்தனை இடங்கள் என்பது மறுபாதி.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் 720க்கு 720 வாங்கியவர்களே பலர் இருந்தனர். 2025இல் வினாத்தாள் கடினமாக இருந்ததால், நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. ஒரே மதிப்பெண் ஓர் ஆண்டில் பின்வரிசையிலும் அடுத்த ஆண்டில் முன்வரிசையிலும் நிற்க முடியும். ஆகவே, "போன வருடம் இத்தனை மார்க்குக்குக் கிடைத்தது, இந்த வருடமும் கிடைக்கும்" என்ற கணக்கு பல வேளைகளில் தவறிவிடுகிறது. பழைய ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் தரவரிசை எண்ணைக் கொண்டு ஒப்பிட வேண்டும்.

ஜே.இ.இ. மெயின் தேர்வில் வரும் "பர்சென்டைல்" என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. 99 பர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று பொருளல்ல. தேர்வு எழுதியவர்களில் 99 விழுக்காட்டினர் அந்த மாணவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் 2024இல் அத்தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் ஒரு விழுக்காடு என்பதே 14 ஆயிரம் பேர். அத்தனை பேர் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

எத்தனை பேருக்கு ஓர் இடம்?

2024இல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேரே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெற்றனர். அவர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் அதை எழுதினர். தேர்ச்சி பெற்றவர்கள் 48,248 பேர். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்களோ 17,740. முதல் தேர்விலிருந்து கணக்கிட்டால் எண்பது பேருக்கு ஓர் இடம். கடைசித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை.

அதே ஆண்டில் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது, இருபது பேருக்கு மேல் ஓர் இடம். அந்த இடங்களிலும் பெரும் பகுதி, நம்மில் பலரால் கட்டணம் கட்ட இயலாத தனியார் கல்லூரிகளில் உள்ளது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையும் அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2024இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 விண்ணப்பங்களைப் பெற்று 1,937 பேருக்கே இடம் அளித்தது. விண்ணப்பித்தவர்களில் மிகப் பலர் தங்கள் பள்ளியில் முதல் மாணவர்களே. முதல் மாணவர்கள் மட்டுமே நிற்கிற வரிசையில் நின்றால், மிகத் திறமையான பிள்ளைக்கும் இடம் கிடைக்காமல் போவது இயல்பு. இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகவே அவள் காதில் விழும்.

அனிதாவை மறக்கலாமா?

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 2017இல் பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 பெற்றார். மருத்துவத்துக்கான கட் ஆஃப் 200க்கு 196.75. பழைய முறையில் அவர் மருத்துவராகியிருப்பார். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2007 முதல் நீக்கப்பட்டிருந்தது. 2016இல் மாநில இடங்களுக்கு நீட்டிலிருந்து ஓராண்டு விலக்கும் கிடைத்தது. 2017இல் விலக்கு கிடைக்கவில்லை. நீட் தேர்வில் அனிதா பெற்றது 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடிய அந்தக் கூலித் தொழிலாளியின் மகள், அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய அறிவு ஒரே ஆண்டில் குறைந்துவிடவில்லை. அளவுகோல் மாறியது, அந்த அளவுகோலுக்கான பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. நீட் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தொடரட்டும். தமிழ்நாட்டின் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எனவே இன்று படிக்கிற பிள்ளைகள் நீட் உண்டு என்று கொண்டே திட்டமிட வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்த வாசல்

2020இல் தமிழ்நாடு அரசு சட்டம் ஒன்றை இயற்றியது. நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்திருந்தனர். சட்டம் வந்த ஆண்டில், எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த முதல் பட்டியலின் முதல் இடத்தில் நின்றவர் நம் தேனி மாவட்டத்து மாணவர்! 664 மதிப்பெண் பெற்ற அவருக்கு அது இரண்டாவது முயற்சி. 2021இல் இந்த முன்னுரிமை பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. நம் திருச்சபை நடத்தும் பல பள்ளிகள் உதவி பெறும் பள்ளிகளே. ஆகவே அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இந்த வாசல் இல்லை. இரண்டாவது, தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு கேரளப் பக்கம் குடிபெயர்ந்து பிள்ளையை அங்குள்ள பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், இந்த நிபந்தனையை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நடுவில் ஓரிரு ஆண்டுகள் மாறினாலும் உரிமை போய்விடும்.

ஒரு வாசலையே பார்த்து நிற்க வேண்டாம்

பிள்ளைக்கு அறிவியலில் ஆர்வமா? ஏழு ஐசர் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனித் தேர்வு நடத்துகின்றன. நமக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம். கணிதத்தில் ஆர்வமா? சென்னைக் கணிதவியல் கழகத்துக்குத் தனித் தேர்வு உண்டு. திருவாரூரில் உள்ள மத்திய பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் கியூட் தேர்வு நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணே 200க்குக் கணக்கிடப்படுகிறது. போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. மருத்துவம் விரும்புவோர், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியையும் நினைவில் கொள்ளலாம். அங்கும் நீட் அடிப்படையிலேயே சேர்க்கை, ஆனால் கத்தோலிக்க மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இடங்கள் உண்டு.

ஜே.இ.இ. மெயினையும் நீட்டையும் தமிழில் எழுதலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழிப் பிள்ளை பதினோராம் வகுப்பிலிருந்தே ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ்களில் கவனக்குறைவால் இடத்தை இழந்தவர்களும் உண்டு. ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பெற, மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. வருமான வரம்பைக் குறிக்கும் தனி ஓ.பி.சி. சான்றிதழை, அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக வைத்திருக்க வேண்டும்.

பணத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியலின மாணவர்களுக்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி. கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் இன்றிப் பெற வழி உண்டு. எனவே இடம் கிடைத்த பின் பணம் பெரும்பாலும் தடையாகாது. இடம் கிடைப்பதற்கு முன்பு பயிற்சிக்காகச் சொத்தை அடகு வைப்பதுதான் ஆபத்து. மீண்டும் ஓர் ஆண்டு முயல்வதானால், முதல் முயற்சியின் தரவரிசை கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசைக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு, ஓராண்டு என்று எல்லை வகுத்துக்கொள்வது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பங்கிலும் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் நால்வராவது இருக்கிறார்கள். சனவரி தொடங்கி சூலை வரை மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்கள் பங்கு மன்றத்தில் அமர்ந்தால் போதும். விண்ணப்ப நாள்களை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரலாம். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்த உதவலாம். உதவி பெறும் பள்ளிகளை நடத்தும் சபையினர், 7.5 விழுக்காட்டு வாசல் இல்லாத தங்கள் மாணவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்த முன்வரலாம்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் அருகில் அமருங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காய் தரம் பிரிக்கும் தாய்மார்களுக்குத் தெரியும், 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்காமல் கீழே விழுந்த காயிலும் அதே மணம்தான். சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்பதை வைத்தே அது பிரிக்கப்பட்டது. நம் பிள்ளைகளிடம் அவர்கள் விரும்பும் உயர்ந்த இடத்துக்கு முயலும்படி சொல்வோம். அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாலையில் வீடு திரும்பும்போது அதே அன்போடு சோறு போடும் வீடு தனக்கு உண்டு என்பது பிள்ளைக்கு ஐயமின்றித் தெரிந்திருக்கட்டும்.