பட்டுப்புழுவுக்குள் இலைச்சத்து! ஆரஞ்சுச் சாற்றோடு போட்டி போடுகிறது

"புழுவையா தின்பது? சேச்சே!" என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். டீ, வெங்காயம், பழங்களில் இருக்கும் நல்ல சத்துகளில் சில, புழுவின் உடம்பிலும் இருக்கின்றனவாம்!

விவரம் வருமாறு:-

இலை கொடுத்த சொத்து

பட்டுப்புழுவுக்குச் சாப்பாடு மல்பெரி இலைதான். அந்த இலையில் 'குவர்செட்டின்' என்ற சத்து உண்டு. வெங்காயத்தில் இருப்பதும் இதுவே. இலையைத் தின்ற புழு, இந்தச் சத்தோடு சர்க்கரையைச் சேர்த்து உடம்பிலும் கூட்டிலும் பத்திரப்படுத்திக் கொள்கிறது. சில பட்டுக்கூடுகள் இளம்பச்சையாக இருப்பது இதனால்தான். இந்த வேலையைச் செய்யும் என்சைமை 2010-ம் ஆண்டில் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

5 மடங்கு!

2019-ல் இத்தாலி விஞ்ஞானிகள் பல பூச்சிகளை அரைத்து, கொழுப்பை நீக்கி, சாறு எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் கெடாமல் காக்கும் சக்தி வெட்டுக்கிளி, பட்டுப்புழு, சில்வண்டு மூன்றிலும் ஆரஞ்சுச் சாற்றைப்போல் 5 மடங்கு இருந்தது! கருந்தேளில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சங்கதி. ஆரஞ்சுச் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கணக்கில் எடுத்தால், வெட்டுக்கிளிக்கும் பட்டுப்புழுவுக்கும் ஆரஞ்சில் முக்கால் பங்கு சக்திதான். அதுவும் குறைச்சலா என்ன?

யார் சாப்பிடுகிறார்கள்?

அசாமில் ஆமணக்கு இலை தின்று வளரும் எரிப் பட்டுப்புழு விருந்துச் சாப்பாடு. கொரியாவில் நூலெடுத்த பிறகு மிஞ்சும் புழுவை வேகவைத்துத் தெருவில் விற்கிறார்கள். சிங்கப்பூர் அரசு 2024 ஜூலையில் பட்டுப்புழு உள்பட 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதி கொடுத்தது.

நம்ம கிராமங்களிலும் மழை விட்டதும் ஈசலைப் பிடித்து, அரிசி, பொட்டுக்கடலையோடு வறுத்துத் தின்பார்கள். "இல்லாதவன் தீனி" என்று சிரித்தவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம்!

உஷார்!

இதெல்லாம் சோதனைக் குழாயில் பார்த்த கணக்கு. மனிதர் சாப்பிட்டால் நோய் தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. "புழு லேகியம்" என்று யாராவது விற்றால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இறால், நண்டு தின்றால் உடம்பு தடிக்கிறவர்கள் பூச்சிப் பக்கமே போகக்கூடாது. இரண்டிலும் ஒரே மாதிரி புரதம் இருக்கிறது. பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் ஆகாது.

புழு பிடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதே குவர்செட்டின், சாம்பார் வெங்காயத்தில் தாராளமாக இருக்கிறது!