கடல் ஏறுகிறதா, கரை இறங்குகிறதா?

கடல் மட்டம் உயர்கிறது என்று எல்லோரும் பேசுகிறோம். கரை இறங்குவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. கடல் ஏறுவது உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலோ, 1970களிலிருந்து வடபகுதியில் சில இடங்கள் 4 மீட்டர் வரை இறங்கிவிட்டன. இரண்டு ஆள் உயரம்!

காரணம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் எட்டவில்லை. வீடும் ஓட்டலும் ஆலையும் போர்வெல் போட்டு உறிஞ்சின. களிமண் அடுக்குகளிலிருந்த நீர் வெளியேறியதும் மண் அமுங்கிப்போனது. 2019இல் தலைநகரையே கலிமந்தானுக்கு மாற்றப்போவதாக அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மில்லிமீட்டர் இறக்கத்தை 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எப்படி அளக்கிறார்கள்? 2014இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-1ஏ செயற்கைக்கோளின் ராடார் அலை நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அலை தரையில் பட்டுத் திரும்பும்போது எந்த நிலையில் வந்தது என்று குறித்துக்கொள்ளும். 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி குறிக்கும். கடைக்காரன் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு, இடையில் வித்தியாசம். போக, வர இரு வழியும் சேர்வதால் 2.8 சென்டிமீட்டர் விலகினாலே அலை ஒரு முழுச் சுற்று மாறிவிடும். சுற்றில் ஒரு சிறு பங்கையும் கணக்கிட முடிவதால் மில்லிமீட்டர் தெரிகிறது. காற்றின் ஈரம் கணக்கைக் குழப்பும். அதனால் பல மாதப் படங்களைச் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். மேகமோ இரவோ ராடாருக்குத் தடையில்லை. கட்டடங்கள் நன்றாகப் பிரதிபலிக்கும். வயலும் மரமும் தான் தொல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார், 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துவதால் இலைதழைகளையும் ஊடுருவும்.

சென்டினல் படங்களை வைத்து 99 கடலோர நகரங்களை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலான நகரங்களில் ஏதாவதொரு பகுதி, கடல் ஏறுவதைவிட வேகமாக இறங்குகிறதாம்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. டோக்கியோவின் தாழ்வான பகுதிகளும் 4 மீட்டருக்கு மேல் இறங்கியவைதான். 1956 முதல் நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். 1970களில் இறக்கம் வெகுவாக அடங்கியது. ஆனால் இறங்கிய மண் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை.

நம்மில் பலர் ஊரை விட்டு வந்து, சேமித்த காசையெல்லாம் கடலோர நகரங்களில் ஒரு பிளாட்டில் போட்டிருக்கிறோம். மும்பையே ஏழு தீவுகளின் இடைவெளியைத் தூர்த்து எழுந்த ஊர். ஆகவே அன்பர்களே, சொசைட்டி மீட்டிங்கில் புது போர்வெல் பேச்சு வந்தால் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை அடி ஆழம், தினம் எவ்வளவு தண்ணீர், மழைநீரைத் திரும்ப உள்ளே விட என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். எடுப்பதை எழுதும் பேரேட்டில் வரவு வைக்கவும் ஒரு பக்கம் வேண்டுமல்லவா?