முகவரிப் பட்டை இல்லாத உலாவி

லினக்ஸ் கணினிகளில் ஓடும் 'சர்ஃப்' என்ற உலாவியைத் திறந்தால் கண்ணில் படுவது வலைப்பக்கம் மட்டும்தான். முகவரிப் பட்டை கிடையாது. பின்னால் போகும் அம்புக்குறி கிடையாது. டேப்களும் கிடையாது, ஒரு சாளரத்துக்கு ஒரு பக்கம், அவ்வளவே. சரி, அமைப்புகளையாவது மாற்றலாம் என்று மெனுவைத் தேடினால் அதுவும் இல்லை. எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மாற்ற, மூலநிரலைத் திறந்து திருத்தி, மறுபடியும் தொகுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இதைத் தன் போக்குக்குத் திருத்தி வைத்திருப்பவரிடம் இருப்பது அவருக்கென்றே உண்டான உலாவி. உலகில் இன்னொருவரிடம் அது அப்படியே இருக்காது.

அதன் முதன்மை நிரல் மொத்தம் ஏறத்தாழ 2,000 வரி. பக்கத்துக்கு 50 வரியாக அச்சிட்டால் 40 பக்கம். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மூலநிரலோ கோடிக்கணக்கான வரிகள். ஒரு கோடி வரிக்கே அதே கணக்கில் இரண்டு லட்சம் பக்கம் வேண்டும். 500 பக்கப் புத்தகங்களாகக் கட்டினால் 400 புத்தகம். ஆனால் ஒரே விக்கிப்பீடியா கட்டுரையை இரண்டிலும் திறந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சர்ஃப் கனமான வேலையைத் தானே செய்வதில்லை. 'வெப்கிட்' என்ற காட்சிப்பொறியிடம் விட்டுவிடுகிறது. வலைப்பக்கத்தின் குறியீடுகளைப் படித்துத் திரையில் வரைந்து தரும் பகுதிக்குத்தான் காட்சிப்பொறி என்று பெயர். அந்தப் பொறி பல லட்சம் வரிகள் கொண்டது. அதன் பூர்வீகமும் எளியதுதான். 1998இல் கே.டி.இ. என்ற தன்னார்வ நிரலாளர் குழு தங்கள் காங்கரர் உலாவிக்காகக் கே.எச்.டி.எம்.எல். என்ற சிறிய பொறியை எழுதத் தொடங்கியது. 2003இல் ஆப்பிள் தன் சஃபாரியை அறிவித்தபோது, அதன் அடியில் இருந்தது இந்தப் பொறியிலிருந்து பிறந்த வெப்கிட். 2013இல் கூகுள் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து 'பிளிங்க்' ஆக்கியது. ஐபோனின் சஃபாரியும் ஆண்ட்ராய்டின் குரோமும் ஒரே தன்னார்வப் பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

பொறியைக் கடன் வாங்காமல் எல்லாவற்றையும் சொந்தமாக எழுதினால் என்னென்ன வேலை இருக்கும்? ஒரு பக்கத்தின் பயணத்தோடு போய்ப் பார்க்கலாம்.

நாம் தட்டச்சு செய்யும் முகவரி ஒரு பெயர். இணையத்துக்கு வேண்டியதோ எண். பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குவது முதல் வேலை. அடுத்து, அந்த எண்ணுக்குரிய வழங்கியோடு, அதாவது பக்கத்தை வைத்திருக்கும் கணினியோடு, தொடர்பு ஏற்படுத்த ஒரு சுற்று. வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி இரு தரப்பும் ஒரு ரகசியச் சாவியை முடிவுசெய்துகொள்ள இன்னொரு சுற்று. பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது சுற்று. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். நேர்க்கோட்டிலேயே இழை போட்டிருந்தாலும் ஒருமுறை போய்வர 0.135 நொடி, மூன்று சுற்றுக்கு 0.4 நொடி. எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் இந்த மூன்று சுற்றும் இதற்குக் கீழே இறங்காது. பக்கங்கள் அதைவிட விரைவாக வந்தால், அவற்றின் நகல் நமக்கு அருகிலேயே எங்கோ இருக்கிறது என்று பொருள்.

கேட்கும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் நெறிமுறையில் கோரிக்கை என்பது ஒற்றை வரி: 'கெட்' என்ற சொல், பிறகு ஆவணத்தின் முகவரி. வழங்கி ஆவணத்தை அனுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். இன்று அந்த வரியைச் சுற்றி ஏராளமான விவரங்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அதே 'கெட்' இன்னும் முன்னால் நிற்கிறது.

வந்து சேர்வது நீளமான ஒரே எழுத்துச் சரம். இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று சொல்லும் டேக்குகள் நடுநடுவே செருகியிருக்கும். உலாவி அதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து ஒரு மரமாக மாற்றுகிறது. பக்கத்துக்குள் பிரிவு, பிரிவுக்குள் பத்தி, பத்திக்குள் சொற்கள். எல்லாரும் பிழையில்லாமல் எழுதினால் இது ஒரு நாள் வேலை. ஆனால் யார் எழுதுகிறார்கள்? திறந்த டேக்கை மூடுவதில்லை. மூடினால் வரிசை மாற்றி மூடுகிறார்கள். உலாவி கோபித்துக்கொண்டு பக்கத்தைக் காட்ட மறுக்கலாமா என்றால், கூடாது. தப்பை எப்படிச் சமாளிப்பது என்பதையும் இந்த டேக் மொழியான எச்.டி.எம்.எல்.-இன் தரநிலை வரி வரியாக வகுத்திருக்கிறது. எழுத்துகளைப் படித்துப் பிரிக்கும் கட்டத்துக்கு மட்டும் அதில் 80 நிலைகள். தாறுமாறாக மூடிய டேக்குகளைச் சரிசெய்யும் வழிமுறைக்குத் 'தத்தெடுப்பு நிலையம்' என்றே பெயர், ஏனென்றால் அங்கே உறுப்புகள் பெற்றோரை மாற்றிக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், வலை இவ்வளவு பரவியதற்கும், புதிதாக ஓர் உலாவி எழுதுவது இவ்வளவு கடினமானதற்கும் காரணம் இந்தப் பெருந்தன்மைதான்.

'டில்லோ' என்ற சிறிய உலாவி இந்தப் பெருந்தன்மையைக் கொஞ்சம் குறும்போடு கையாளுகிறது. சிலியைச் சேர்ந்த ஹோர்ஹே அரெயானோ சித் 1999இல் தொடங்கியது இது. பழைய கணினி, மந்தமான இணைப்பு இரண்டிலும் ஓட வேண்டும் என்பது நோக்கம். காட்சிப்பொறி சொந்தத் தயாரிப்பு. சாளரத்தின் கீழ்மூலையில் ஒரு பூச்சிப் படம். அதன் அருகே ஓர் எண். நீங்கள் பார்க்கும் பக்கத்தின் குறியீட்டில் எத்தனை பிழை என்பதை அது எண்ணிச் சொல்கிறது. பளபளப்பான தளங்களைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பது தனி சுகம்.

மரம் கிடைத்தாயிற்று. எது எந்த நிறம், எந்த அளவு என்பதை முடிவுசெய்வது அடுத்தது. இதற்கான விதிகள், அதாவது நடைதாள், மூன்று இடங்களிலிருந்து வரலாம்: உலாவியின் இயல்பான விதிகள், பக்கத்தை எழுதியவரின் விதிகள், படிப்பவரின் விதிகள். மூன்றாவதைக் கவனியுங்கள். 1994இல் ஹோகோன் வியம் லீ இந்த முறையை முன்வைத்தபோதே, பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் படிப்பவருக்கும் பங்கு வைத்திருந்தார். படிப்பவர் சொந்த நடைதாள் போட்டுக்கொள்ளும் வசதியைக் குரோம் பிற்பாடு நீக்கிவிட்டது. சர்ஃபிலும் டில்லோவிலும் அது இன்னமும் உண்டு. எல்லாத் தளமும் பெரிய எழுத்தில், கறுப்பின்மேல் வெளிர் மஞ்சளாகத் தெரிய வேண்டுமா? நாலு வரி எழுதினால் போதும்.

பிறகு எதை எங்கே வைப்பது என்ற கணக்கு. இங்கே ஓர் அழகான ஏற்பாடு: அகலம் மேலிருந்து கீழே இறங்குகிறது, உயரம் கீழிருந்து மேலே ஏறுகிறது. சாளரம் தன் அகலத்தைப் பக்கத்துக்குச் சொல்கிறது. பக்கம் பத்திக்குச் சொல்கிறது. பத்தி அந்த அகலத்துக்குள் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, வரி நிறைந்ததும் அடுத்த வரிக்குப் போகிறது. எத்தனை வரி வந்தது என்று தெரிந்தால்தான் பத்தியின் உயரம் தெரியும். எல்லாப் பத்திகளின் உயரத்தையும் கூட்டினால்தான் பக்கத்தின் உயரம். சாளரத்தைக் குறுக்கினால் பக்கம் நீள்வது இதனால்தான்.

சொற்களை அடுக்க அவற்றின் அகலத்தை அளக்க வேண்டுமே. ஆங்கிலத்தில் எழுத்துகளின் அகலத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் கணக்கு முடிந்தது. தமிழுக்கு அப்படி முடியாது. 'கொடி' என்பது கணினிக்குள் நான்கு குறியெண்கள், 12 பைட்: க, அதன்பின் ஒகரக்குறி, ட, அதன்பின் இகரக்குறி. சேமிப்பில் ஒகரக்குறி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. திரையிலோ அது இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். டகரமும் இகரக்குறியும் ஒட்டி ஒரே வடிவமாக வேண்டும். இப்படி எழுத்துருவைக் கேட்டு வடிவங்களை முடிவுசெய்வதை வரிவடிவாக்கம் எனலாம். 'ஹார்ஃப்பஸ்' என்ற திறமூல நூலகம் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. தனியாக உலாவி எழுதுபவர் இதையும் நானே எழுதுகிறேன் என்று வீம்பு பிடித்தால் தமிழ் வாசகருக்குத்தான் நஷ்டம். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கிடும் பல கட்டளை முனையங்களில் நம் எழுத்துகள் கொம்பு வேறு கால் வேறாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கடைசியாக வரைதல். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள். பின்னால் இருப்பதை முதலில், முன்னால் இருப்பதைப் பிறகு என்று ஒவ்வொன்றாகப் பூசி முடிக்க வேண்டும். பக்கம் வழுக்கிக்கொண்டு நகர, நொடிக்கு 60 முறை.

இவ்வளவோடு ஒரு சிறிய உலாவி நிறைவுபெற்றுவிடும். மீதமுள்ளது ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்துக்குள்ளேயே ஓடும் நிரல்களின் மொழி. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்று அதை வேகமாக ஓட்டும் பொறிகளைப் பெரிய அணிகள் ஆண்டுக்கணக்கில் செதுக்குகின்றன. டில்லோ அதைத் தொடுவதே இல்லை. வங்கித் தளமும் பயணச்சீட்டு முன்பதிவும் ஓடாது, உண்மையான இழப்பு. ஆனால் துரத்தும் விளம்பரங்களும் பின்தொடரும் வேவு நிரல்களும் பெரும்பாலும் இந்த மொழியில்தான் இருக்கின்றன. அவையும் கூடவே செத்துப்போகின்றன.

வேவு என்றதும் ஒரு வேடிக்கை. எழுத்தை மட்டும் காட்டும் 'லின்க்ஸ்' என்ற உலாவி 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்றுவரை பராமரிப்பில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் லூ மோன்டுல்லி என்ற மாணவர். 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் சேர்ந்த அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: குக்கி. தளங்கள் நம்மை நினைவில் வைத்துக்கொள்ள நம் கணினியிலேயே போட்டுவைக்கும் சிறு குறிப்பு. அவர் முன்பு எழுதிய லின்க்ஸோ, குக்கி வரும்போதெல்லாம் நின்று கேட்கிறது: ஏற்கலாமா, வேண்டாமா, எப்போதும் ஏற்கலாமா, ஒருபோதும் வேண்டாமா?

இதெல்லாம் பொழுதுபோக்கு, நிஜ வலைக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்கலாம். முன்பு ஆப்பிளில் வெப்கிட் மேல் வேலை பார்த்த சுவீடன்காரர் ஆந்திரேயாஸ் க்ளிங், மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்து வந்த 2018இல், பொழுதை நிரப்ப ஓர் இயங்குதளம் எழுத ஆரம்பித்தார். 2019இல் அதற்குள் எச்.டி.எம்.எல். பக்கங்களைக் காட்டும் ஒரு குட்டி நிரல் முளைத்தது. கடன் வாங்கிய பொறி கிடையாது. ஆர்வலர்கள் சேர்ந்தார்கள், 2022இல் அது 'லேடிபேர்ட்' என்ற தனி உலாவியாயிற்று. 2024இல் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத்துடன் சேர்ந்து அதற்கு லாபநோக்கற்ற அமைப்பே தொடங்கிவிட்டார்.

உங்களுக்குப் பைத்தான் கொஞ்சம் தெரியும் என்றால் நீங்களும் ஆரம்பிக்கலாம். பாவெல் பன்செகா, கிறிஸ் ஹாரெல்சன் இருவரும் எழுதிய 'வெப் பிரௌசர் எஞ்சினியரிங்' என்ற நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே வழங்கியோடு பேசி, ஒரு பக்கத்தை வாங்கி, டேக்குகளை நீக்கி, எழுத்தைத் திரையில் காட்டிவிடலாம். பைத்தானோடு கூடவே வரும் நூலகங்கள் போதும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அந்த ஓர் அத்தியாயத்தையாவது எழுதி ஓட்டிப் பாருங்கள்.