சான்றிதழ் எடுத்தால் முடிந்ததா?

1990ஐ அழைத்தால் வருகிற ‘சுவசெரிய’ அம்பியுலன்ஸ், 2016 ஜூலையில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்தது. பிறகு நாடு முழுக்க வந்தது. அதில் வருபவர் ஒருமுறை படித்துச் சான்றிதழ் எடுத்தால் போதும்தானே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. போதாது.

ஏன் தெரியுமா? பாடமே மாறுகிறது. இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அதன்பிறகுதான் நெஞ்சு என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் நெஞ்சழுத்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. திடீரென இதயம் நின்று விழுந்த பெரியவரின் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு ஒட்சிசன் இருக்கும். அதை மூளைக்குத் தள்ளத்தான் ஆளில்லை. 2015இல் கணக்கும் இறுகியது: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். கைகாலில் இரத்தம் பீறிட்டால் இறுக்குப்பட்டி கட்டுவது கடைசி வழி என்றார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் அது முன்வரிசைக்கு வந்துவிட்டது. மாரடைப்பு என்றதும் எல்லோருக்கும் ஒட்சிசன் மாட்டுகிற வழக்கமும் போய்விட்டது.

இன்னொன்று, கை மறந்துவிடும். பயிற்சி இல்லாவிட்டால் நெஞ்சழுத்தும் திறமை சில மாதங்களிலேயே மங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிப்பது அதற்கு ரொம்பத் தூரம். மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க ஸ்லைட் காட்டுவதைவிட, வேலை செய்கிற இடத்திலேயே மாதமொரு தடவை பொம்மையை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பார்ப்பது மேல் என்பேன். ஊருக்கு வண்டி வாங்க என்றால் காசு சேருகிறது. பயிற்சிப் பொம்மைக்கு என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.