மணற்குன்றின் இரு முகங்கள்

ஜைசல்மேர் கோட்டைக்குள்ளிருக்கும் ஜினாலயங்களைத் தரிசித்துவிட்டு, மேற்கே சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள சம் மணற்குன்றுகளுக்குப் போனேன். பொழுது சாயுமுன் உண்டுவிடுவது எங்கள் வழக்கம். அந்த அவசரத்தில், ஒட்டகம் வேண்டாமென்று எதிரே நின்ற செங்குத்துச் சரிவிலேயே ஏறினேன். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது. 65 வயது முழங்கால் கேட்குமா? பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒட்டகக்காரர் சிரித்தபடி மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே சரிவு நீண்டு தாழ்ந்திருந்தது. மணலும் காலுக்குக் கெட்டி. காற்று வரும் பக்கம் அதுதான். காற்றில் துள்ளித் துள்ளி முகட்டுக்கு ஏறும் மணல், அப்பால் சரிந்து விழுகிறது. விழும் பக்கம் 30 முதல் 34 பாகைச் சாய்வு வரைதான் நிற்கும், மிஞ்சினால் சரியும். கடையில் பயறு கொட்டிக் குவித்தவனுக்கு இது தெரிய வேண்டாமோ! இப்படி ஏறி விழுந்தே குன்று மெல்ல நகர்கிறது.

முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்ததையே சிலப்பதிகாரம் பாலை என்கிறது. இந்த மணல் அந்தப் பாலையன்று. பாலையென்றாலே வெறுமை என்று நினைத்திருந்தவன், முகட்டில் அசையாமல் நின்றேன். உச்சிவெயிலில் தெரியாத காற்றின் வரிகள், சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்தன.

பார்த்துக்கொண்டே இருந்ததில் பொழுது இறங்கிவிட்டது. அன்றிரவு பட்டினிதான்.