இரவல் வாக்கியத்தில் பேசும் குழந்தை

ஒரகடம் பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொள்வோம். கணக்குப் பாடத்தின் நடுவே, ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் "ஏறு, ஏறு, வண்டி கிளம்பிருச்சு" என்று உரக்கச் சொல்கிறான். வகுப்பே சிரிக்கிறது. நாம் அதட்டுகிறோம். அவன் மறுபடி அதையே சொல்லிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

அப்பா ஷிஃப்டுக்கு ஏறும் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் அவன் தினமும் கேட்கும் வரி அது. கேட்டபோதெல்லாம் யாரோ ஒருவர் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இரைச்சல் தாங்கவில்லை, வெளியே போகணும் என்பதற்கு அவன் கைவசம் உள்ள வாக்கியம் அதுதான்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலேலியா, அதாவது எதிரொலிப் பேச்சு என்பார்கள். உடனேயும் வரும், ஆண்டுகள் கழித்தும் வரும். 1943-இல் ஆட்டிசத்தை முதலில் விரிவாக விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர், 1946-இல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். நாயே இல்லாத இடத்தில், நாயை பால்கனியிலிருந்து எறியக் கூடாது என்று அவன் சொன்னான். விசாரித்ததில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஓட்டலில் பொம்மை நாயை எறிந்ததற்காக அம்மா கண்டித்த சொற்கள் அவை. எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம் அவற்றைச் சொல்லித் தன்னையே அடக்கிக்கொண்டான்.

ஆனாலும் வெகுகாலம் இது நிறுத்த வேண்டிய பழக்கமாகவே கருதப்பட்டது. 1981-இல் பிரிசான்ட், டூக்கன் இருவரும் உடனடி எதிரொலிப்புக்கு ஏழு பயன்களை வகைப்படுத்தினார்கள். முறை மாறிப் பேசுவது, ஆம் என்பது, கேட்பது எல்லாம் அதில் உண்டு.

நம் வகுப்பில் அடிக்கடி காண்பது "தண்ணி வேணுமா?" என்று குழந்தையே கேட்பது. ஆசிரியரைக் கேட்பதாக நினைத்து நாம் "வேண்டாம்பா" என்றால், தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். டம்ளரைக் கொடுத்தபடி, "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவன் வாயில் வர வேண்டிய வடிவத்தில் நாம் சொல்லலாம்.

எல்லா வரியிலும் செய்தி இருக்காது. சில, சொல்வதற்கு இன்பமானவை. சில, பதற்றத்தைத் தணிப்பவை. பிரித்தறிய ஒரு நோட்டுப் போதும்: என்ன வரி, எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. இரண்டு வாரம் எழுதி, வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் வரும்போது காட்டலாம். வரி எங்கிருந்து வந்தது என்பது வீட்டுக்குத்தான் தெரியும். பெற்றோர் இருவரும் ஷிஃப்டில் என்றால் பாட்டியைக் கேளுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பமென்றால் நமக்கு உளறலாகக் கேட்பது ஒடியாவாகவோ இந்தியாகவோ இருக்கலாம்.

அடுத்த முறை "வண்டி கிளம்பிருச்சு" என்றால், "சத்தமா இருக்கு, வெளிய போகணும்" என்று சொல்லிக்கொண்டே அவனை வராந்தாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பல நாள் ஆகலாம். ஒரு நாள் அந்த வரியும் உங்கள் குரலிலேயே அவனிடமிருந்து வரக்கூடும்.